குந்தித் தின்றால் குன்றும் மாளும்: குறுக்கு வலியும் பிட்டத் தசையும்

உழைக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டால் மலையளவு சொத்தும் கரைந்துபோகும் என்பதற்காக நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி இது. சொத்துக்குச் சொன்னது உடம்புக்கும் பொருந்தும் என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை. நம் உடம்பிலும் ஒரு குன்று இருக்கிறது. அதன் மேல்தான் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறோம். பிட்டத்தின் பெருந்தசைதான் மனித உடலிலேயே மிகப் பெரிய தசை. அது மெலிந்துபோனால் அது செய்ய வேண்டிய வேலை யார் தலையில் விழும்? மேலே இருக்கும் குறுக்கின் தலையில்!

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பழைய தில்லியில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆரணிப் பட்டு விற்கும் வியாபாரி. கடை சாத்திய பிறகு புத்தகம் புரட்டுவது என் வழக்கம். மலர்க் குழுவினர் என்னிடம் வழக்கமாகச் சமணக் கல்வெட்டு பற்றித்தான் கட்டுரை கேட்பார்கள். இம்முறை இந்தப் பொருளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் உண்டு. எங்கள் கடைத்தெருவில் அறுபது கடந்தவர்களில் குறுக்கு வலி இல்லாதவர் அபூர்வம். பந்தியில் தரையில் உட்கார முடியவில்லை, கோயிலில் விழுந்து கும்பிட்டால் எழ முடியவில்லை, பேரக்குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டு மூன்று பேர் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு முடங்கிவிட்டார்கள். அவர்களுடைய தொழில் அறிவெல்லாம் கட்டிலில் படுத்துக் கிடக்கிறது. நம் சங்கக் குடும்பங்களிலும் இதே கதைதான். ஒரு தலைமுறை அரசு அலுவலக நாற்காலியில் முப்பது ஆண்டு அமர்ந்து ஓய்வு பெற்றது. அடுத்த தலைமுறை குருகிராமிலும் நொய்டாவிலும் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்திருக்கிறது.

இது தில்லிக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்றும், 2050இல் இது 84.3 கோடியாகும் என்றும் லான்செட் குழுமத்தின் மூட்டுநோய் இதழில் 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உலகில் மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் இதுவே முதலாவது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம்

'இடுப்பு வலி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, தொடை வந்து சேரும் மூட்டும் இடுப்பு, குழந்தையை வைத்துக்கொள்ளும் பக்கவாட்டும் இடுப்பு. டாக்டரிடம் போனால் 'இடுப்பு வலிக்குது' என்று சொல்லி நிறுத்தாமல், விரலை வைத்து இடத்தைக் காட்டுவது நல்லது. விலா எலும்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே உள்ள பகுதியைச் செஞ்சி, வந்தவாசிப் பக்கம் நாங்கள் 'குறுக்கு' என்போம். இக்கட்டுரையில் குறுக்கு என்றால் அந்தப் பகுதிதான். இந்திக்காரர்களின் 'கமர்' என்பதும் ஏறக்குறைய இதே இடம்.

கத்தியில் அமரும் தொழில்

சாந்தினி சௌக்கின் சேலைக் கடைகளிலும் துணி மொத்தக் கடைகளிலும் முதலாளி அமரும் இடத்துக்குக் 'கத்தி' என்று பெயர். வெட்டுகிற கத்தி இல்லீங்க. வெள்ளைத் துணி விரித்த மெத்தையும் முதுகுக்குத் திண்டும் கொண்ட இருக்கை. நம் ஊர் மண்டிகளில் 'பெட்டியடி' என்கிறோமே, அதற்கு ஈடானது. காலைச் சம்மணமிட்டு அமர்ந்தால், சேலையைப் பிரித்துக் காட்டுவது, கணக்கு எழுதுவது, போன் பேசுவது, டீ குடிப்பது எல்லாம் அங்கேயே. எழுந்திருக்க வேண்டிய அவசியமே வராது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறான்.

இதே தெருவின் மேற்குக் கோடியில், காரி பாவ்லியில், மிளகாய் மூட்டை தூக்கும் பல்லேதார்களைப் பாருங்கள். மூட்டையோடு படி ஏறுகிறார்கள், குந்தி எழுகிறார்கள். அளவுக்கு மீறிய பாரத்தால் அவர்களுக்கும் குறுக்கு நோகத்தான் செய்யும். அந்தப் பிழைப்பு எளிதன்று. ஆனால் அவர்களின் தொல்லை அதிகம் சுமப்பதால் வருகிறது, நம்முடைய தொல்லை எதையுமே சுமக்காததால் வருகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது.

மூன்று தசைகள்

பிட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று தசைகள் அடுக்கடுக்காக உள்ளன. மேலே தெரிவது பெருந்தசை. இடுப்பெலும்பின் பின்புறத்திலும் முதுகின் அடிமுனை எலும்பிலும் தொடங்கித் தொடை எலும்பிலும், தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால்வரை இறங்கும் பட்டையிலும் போய்ச் சேர்கிறது. தொடையைப் பின்னுக்குத் தள்ளுவது அதன் வேலை. தரையிலிருந்து எழுவது, படி ஏறுவது, ஓடுவது, குனிந்து பொருளை எடுத்து நிமிர்வது ஆகிய எல்லாவற்றுக்கும் அதுதான் எஞ்சின்.

அதற்கு அடியில், பக்கவாட்டில் இருப்பவை நடுத்தசையும் சிறுதசையும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாயாமல் தராசு முள் மாதிரி நடுவில் பிடித்துவைப்பவை இவைதாம். 1895ஆம் ஆண்டில் ஜெர்மன் அறுவை மருத்துவர் பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் இதைக் கவனித்து எழுதினார். ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கினால், ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத் தசை பலவீனம் என்று பொருள். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயராலேயே இச்சோதனையைச் செய்கிறார்கள்.

பெருந்தசை மனிதனுக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று டேனியல் லீபர்மன் என்ற அமெரிக்க அறிஞரும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். சமதரையில் மெதுவாக நடக்கும்போது அதற்கு அதிக வேலை இல்லை. ஓடும்போதும் ஏறும்போதும்தான் அது முழுதாக இயங்குகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. போளூர் அருகே திருமலையில் நேமிநாதர் சுமார் பதினாறடி உயரத்தில் காயோத்சர்க்க நிலையில் நிமிர்ந்து நிற்கிறார். அப்படி அசையாமல் நிற்பவருக்கு இந்தத் தசையால் பெரிதாக வேலை இல்லை. அவரைத் தரிசிக்க நாம் குன்றின் படிகளில் ஏறுகிறோமே, நமக்குத்தான் வேலை!

உட்கார்ந்தே இருந்தால் நடப்பது என்ன?

உட்காரும்போது தொடை முன்பக்கமாக மடங்குகிறது. தொடையை வயிற்றை நோக்கி மடக்கும் தசை ஒன்று முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, வயிற்றின் உட்புறமாக இறங்கித் தொடையில் சேர்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் மடங்கியே கிடந்தால் அது இறுகிப்போகிறது. எழுந்து நின்றதும், பற்றியிருக்கும் முதுகெலும்பை முன்னுக்கு இழுக்கிறது. பின்பக்கத்தில் பிட்டத் தசையோ மெத்தைக்கு மெத்தையாகக் கிடந்து, வேலையே இல்லாமல் தளர்ந்துபோகிறது.

இந்த இழுபறியை வரைபடம் போல வகுத்துக் காட்டியவர் செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா (1928-2002). இளம் வயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். தசையின் பலவீனம் என்னவென்று சொந்த உடம்பில் அறிந்தவர். குறுக்குத் தசையும் தொடையின் முன்பக்கத் தசையும் இறுகுகின்றன. வயிற்றுத் தசையும் பிட்டத் தசையும் தளர்கின்றன. இறுகிய இரண்டையும் ஒரு கோட்டாலும் தளர்ந்த இரண்டையும் மறு கோட்டாலும் இணைத்தால் பெருக்கல் குறி போல வரும் என்றார். கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் இதே நிலையைப் 'பிட்டத் தசையின் மறதி' என்று வேடிக்கையாகச் சொன்னார். தசை செத்துப்போவதில்லை. வேலையை மறந்துவிடுகிறது, நினைவூட்டலாம்.

என் கடை வழக்கில் சொன்னால் இன்னும் எளிது. கடையில் இரண்டு ஆட்கள். ஒருவன் பலசாலி, ஆனால் மூலையில் தூங்குகிறான். இன்னொருவன் ஒல்லி. அவன் தன் வேலையையும் பார்த்து, தூங்குகிறவன் வேலையையும் பார்க்கிறான். சாயங்காலம் 'ஐயோ, முடியலை' என்று கத்துவது யார்? ஒல்லிதான். முதலாளி அவனுக்குத் தைலம் தடவி, பட்டை கட்டி, படுக்கப் போட்டால் மறுநாளும் அதே கதைதான். எழுப்ப வேண்டியது மூலையில் கிடப்பவனை. நம் தமிழ்ப் பெண் ஒருவர், பிசியோதெரபி படித்தவர், என்னிடம் இதையே இரண்டு வரியில் சொன்னார்: "அங்கிள், கத்துற இடம் ஒண்ணு, தூங்குற இடம் இன்னொண்ணு. எல்லாரும் கத்துற இடத்தையே தடவிக்கிட்டிருக்காங்க."

பட்டுச் சேலைக் கட்டு ஒன்றைத் தரையிலிருந்து தூக்குவதைக் கவனியுங்கள். பிட்டத் தசை வலுவாக இருந்தால், முதுகு நேராக இருக்க, தொடை மூட்டிலிருந்து கதவுக் கீல் மாதிரி மடங்கி நிமிர்வோம். அது தளர்ந்திருந்தால் மூட்டு மடங்காது, குறுக்கு வில்லாக வளையும். நிமிர்த்தும் வேலை முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய தசைகளுக்கும் எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்குகளுக்கும் போய்விடும். நடையிலும் அப்படித்தான். நடுத்தசை பிடிக்காவிட்டால், இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் சாய, அதை ஈடுகட்டக் குறுக்கு பக்கவாட்டில் வளைந்து வளைந்து களைக்கும்.

விதையா, மரமா?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிட்டத் தசை தளர்ந்ததால் குறுக்கு வலி வந்ததா, குறுக்கு வலியால் நடமாட்டம் குறைந்து தசை தளர்ந்ததா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. நீண்டநாள் குறுக்கு வலிக்காரர்கள் 150 பேரையும் வலி இல்லாத 75 பேரையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2016இல் ஐரோப்பிய முதுகெலும்பு இதழில் வந்தது. வலி உள்ளவர்களிடமே நடுத்தசைப் பலவீனம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் எது முந்தியது என்பதை இவ்வகை ஆய்வு சொல்லாது. மேலும், பிட்டத் தசைகளை இயக்கும் நரம்புகள் குறுக்கின் அடிப்பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. அங்கே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் தசை தானாகவே பலம் இழக்கும். ஆக இது ஒரு வட்டம். வட்டத்தை எங்கே வெட்டுவது என்று கேட்டால், நம் கைக்கு எட்டும் இடம் தசைதான்.

எம்.ஆர்.ஐ. படமும் பெல்ட்டும்

எங்கள் தெருவில் ஒரு லாலாஜி எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கமர் டூட் கயீ" என்று அழாத குறையாகச் சொன்னார். இடுப்பே உடைந்துபோச்சு என்பது அவர் முடிவு. அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்' என்று எழுதியிருந்தது. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்தது. அறுபது வயதில் வலி இல்லாதவர்களிலேயே 88 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கும் என்று அது மதிப்பிட்டது. நரைமுடி போல இதுவும் வயதின் அடையாளம். படத்தில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. படத்தையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

அடுத்தது பெல்ட். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நீடித்த குறுக்கு வலிக்கான தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அபின் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வாடிக்கையாகத் தர வேண்டாம் என்றது. 2021இல் காக்ரேன் அமைப்பு 249 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நீடித்த வலிக்கு உடற்பயிற்சி பலன் தரும் என்றது. பிட்டத்துக்கு மட்டும் தனி மந்திரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்தே வாழ்பவர் தொடங்க வேண்டிய இடம் அது.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

ஒன்று: கண்ணாடி முன் நின்று, நாற்காலி முதுகை லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்குங்கள். தூக்கிய பக்கத்து இடுப்பு கீழே இறங்குகிறதா, உடம்பு மறுபக்கம் சாய்கிறதா?

இரண்டு: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை? 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 11 முறைக்கும் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல்.

மூன்று: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்குங்கள். பிட்டம் இறுகுகிறதா? அது சும்மா இருக்க, தொடைப் பின்பக்கம் பிடித்து இழுத்தாலோ குறுக்கு நொந்தாலோ, ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம்.

எழுப்பும் வழி

மேலே சொன்ன மூன்றாவது சோதனையே முதல் பயிற்சி. யோகத்தில் சேதுபந்தாசனம் என்பார்கள். பிட்டத்தை இறுக்கி, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கோட்டில் வரும்வரை தூக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். முதுகை வில்லாக வளைக்கக் கூடாது. பத்து முறை.

இரண்டாவது சிப்பிப் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க, மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போல உயர்த்த வேண்டும். இடுப்பு பின்னுக்கு உருளக் கூடாது. பக்கத்துக்குப் பத்து.

மூன்றாவது நம் சொந்தச் சரக்கு, தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னாலும் பள்ளிக்கூட வாத்தியார் முன்னாலும் போட்டோமே, அதே! வயதானவர்கள் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாக உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தால் போதும். வட தில்லியில் குரு ஹனுமான் (1901-1999) நடத்திய மல்யுத்தக் கூடத்தின் பயில்வான்களும் 'பைட்டக்' என்ற பெயரில் அடிப்படையாகச் செய்தது இதைத்தான்.

நான்காவது, படி. சாவ்டி பஜார் மெட்ரோ நிலையம் தில்லியின் ஆழமான நிலையங்களில் ஒன்று. அங்கே எஸ்கலேட்டரை விட்டு ஒரு பகுதியாவது படியில் ஏறலாம். ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போகிறவர்களுக்கு முருகன் அருளோடு பயிற்சியும் கிடைக்கும். குதிகாலை ஊன்றி ஏறினால் பிட்டம் வேலை செய்யும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யவும்.

இவற்றோடு தினசரி நடை. 2024இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், குறுக்கு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு நடைப் பயிற்சி கற்றுத் தந்தார்கள். அவர்களுக்கு வலி திரும்ப வர இடைப்பட்ட காலம் 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். லோதி தோட்டத்தில் நடப்பதற்கு டிக்கெட்டும் இல்லை. குளிர்காலப் புகைமூட்டம் கடுமையாக உள்ள நாளில் மட்டும் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் போதும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வட்டி மாதிரிதான், முதல் மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது. கடையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, சேலையை நாமே அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் வாடிக்கையாளருக்கும் மரியாதை. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து அதன் மேல் உட்காரும் பழக்கம் வேண்டாம். அது பிட்டத்தின் ஊடாகக் காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்தும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

குறுக்கு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுக்குள் வராமல் போவது, சேணம் படும் இடத்தில் மரத்துப்போவது, கால் துவண்டுபோவது ஆகியவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த அடி, இரவில் ஓயாத வலி இவை இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் டாக்டரைப் பாருங்கள். தில்லியில் எய்ம்ஸ், சப்தர்ஜங் இரண்டிலும் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறையே உண்டு. ஐ.டி.ஓ. அருகே விஷ்ணு திகம்பர் மார்க்கில் உள்ள தீனதயாள் உபாத்யாயா தேசிய நிறுவனத்திலும் பிசியோதெரபி வசதி உள்ளது. முதல் நான்கைந்து நாள் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பயிற்சியைத் திருத்தித் தந்தால் பிறகு வீட்டிலேயே தொடரலாம்.

வெளியூரில் வாழும் நமக்கு அவசரத்துக்கு ஓடிவர அண்ணன் தம்பி, பங்காளி பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். கீழே உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்கும் பலம் அறுபதுக்கு மேல் ஒரு சொத்து. அந்தச் சொத்தைக் குந்தித் தின்று கரைக்காமல், வீட்டில் பெரியவர்களும் பேரன் பேத்திகளும் சேர்ந்து நாளைக் காலையிலேயே பத்துத் தோப்புக்கரணத்தோடு தொடங்குமாறு சங்க அன்பர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். நலம் பெருகுக!